பருவ வயதுப் பிள்ளைகளின் மனநலமும் பெற்றோர் பொறுப்பும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயருக்கு உடைந்த அணை என்பது பொருள். 1883ஆம் ஆண்டில் பழைய கோல குபுவில் இருந்த அணை உடைந்து, ஊரே வெள்ளத்தில் மூழ்கிப் பலர் மாண்டனர். அவ்வட்டாரத்தின் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்பாரும் அவ்வெள்ளத்தில் உயிரிழந்தார். பின்னர் ஊர் இடம் மாறிக் கோல குபு பாரு உருவாயிற்று. அணை உடைந்த செய்தியை இவ்வூர் இன்றும் தன் பெயரில் சுமந்து நிற்கிறது. அதற்கு முன்னர் எத்தனை நாள் நீர் ஏறிக்கொண்டிருந்தது, அதை எவரேனும் கண்டனரா என்பதைப் பெயர் சொல்வதில்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் ஊரார் நினைவில் நிற்பவை உடைந்த நாள்களே. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட நாள், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த நாள், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாள். அதற்கு முந்திய ஆறு மாதங்களைப் பற்றி எவரிடம் கேட்டாலும், "நல்லாத்தான் இருந்தான், கொஞ்சம் பேச்சுதான் குறைஞ்சிருந்துச்சு" என்றே விடை வரும். அந்தக் குறைந்த பேச்சைப் பற்றியதே இவ்வுரை.

மலேசியச் சுகாதார அமைச்சு, 13 முதல் 17 வயது வரையிலான இடைநிலைப்பள்ளி மாணவரிடையே தேசிய ஆய்வு நடத்தி வருகிறது. 2017ஆம் ஆண்டு ஆய்வில் 100 பேரில் ஏறத்தாழ 18 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 2022இல் அத்தொகை 27ஐ எட்டியது. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணியவர்கள் 2017இல் 100க்கு 10 பேர். 2022இல் 13 பேர். இது எல்லா இனத்து மாணவரையும் சேர்த்த கணக்கு. இவ்விரண்டு ஆய்வுகளுக்கும் இடையில், கோவிட் தொற்றினால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்த வீடுகள் தோட்டப்புறத்தில் இருந்ததையும் மறப்பதற்கில்லை. 40 பேர் கொண்ட ஒரு வகுப்பறையை மனக்கண்ணில் நிறுத்தி, அதில் பத்துப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் இந்த விழுக்காட்டின் பொருள் விளங்கும்.

இவ்வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பொதுக் கணக்கோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல மிகச் சிறியவை. 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளைக் கல்வி அமைச்சு தனியே வகைப்படுத்தியுள்ளது. அவற்றுள் சிலவற்றில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. அங்கே ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். அதன் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார் என்பதும் தெரியும். காலையில் முகம் வாடியிருந்தால், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பதற்கு ஆள் உண்டு. ஆறாண்டுக்குப் பின்னர், 13 வயதில், அதே பிள்ளை ஆயிரம் பேர் பயிலும் தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் அடியெடுத்து வைக்கிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பயிற்றுமொழி மலாய். தமிழ்ப்பள்ளியில் கணக்கிலே கெட்டிக்காரி என்று பெயரெடுத்த பெண், விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை. மொழி தடுமாறினால் வகுப்பு சிரிக்குமே என்னும் அச்சந்தான் காரணம். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் ஓராண்டு புதுமுக வகுப்பில் கழித்துவிட்டுத் தம்மினும் இளையவர்களோடு படிவம் ஒன்றில் அமர்ந்த அனுபவம், இங்குள்ள பெற்றோர் பலருக்கே உண்டு. அந்த வெட்கத்தை மறந்துவிட்ட பெற்றோர் எவரும் இரார். ஆயினும் அதைத் தம் பிள்ளையிடம் சொன்னவர் மிகச் சிலரே.

இன்னொன்றும் உண்டு. ஆறாம் ஆண்டில் எழுதப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.தி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்தது நன்மையே. ஆனால் பிள்ளை பின்தங்குவதைப் பெற்றோர் அறிந்துகொள்வதற்கு ஊரறிந்த தேர்வு என்று 17 வயது எஸ்.பி.எம். வரை எதுவும் இல்லாமற் போயிற்று. பள்ளி அனுப்பும் மதிப்பீட்டு அறிக்கையைப் படித்துப் பார்க்காத வீட்டில், நான்கு ஆண்டுகள் ஓசையின்றிக் கழிந்துவிடும்.

வீட்டு நிலைமையும் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தில் ஒருவர் வீட்டுப் பிள்ளையை ஒன்பது வீட்டார் கவனித்த காலம் ஒன்று இருந்தது. இன்று தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை, தாய் பகல் வேலை. பிள்ளை பள்ளி முடிந்து வரும்போது அடுக்குவீட்டில் ஆளில்லை. புக்கிட் தாகார் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த கதை யாவரும் அறிந்தது. பெரியவர்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மனச்சோர்வு என்றவுடன் கண்ணீரை எதிர்பார்ப்பது பெரியவர்களின் வழக்கம். பருவ வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாக வெளிப்படும். தொட்டதற்கெல்லாம் கோபம், தூக்கம் கெடுதல் அல்லது பகலெல்லாம் தூங்குதல், பசியின்மை, விரும்பிய காற்பந்தைக்கூடக் கைவிடுதல், ஓயாத வயிற்றுவலி, தலைவலி. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ முடிவுகட்டுவது தவறு. வீட்டில் பிரம்பு எடுக்கப்படுகிறது. பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியரிடம் பெயர் போகிறது. காற்றுக் கருப்பு பட்டிருக்கும் என்று கயிறு கட்டுவோரும் உண்டு. திருநீறு பூசுவதால் தீங்கில்லை. பூசியதோடு நின்றுவிடுவதே தீங்கு. மனநோய்களில் பாதியளவு 14 வயதுக்குள்ளாகவே தொடங்கிவிடுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படியானால் காத்திருப்பதற்குக் காலமில்லை.

ஆலய நிர்வாகத்தினரிடம் வரும் முறையீடுகள் யாவும் பையன்களைப் பற்றியவையே என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மோட்டார் சைக்கிள் சத்தம், குண்டர் கும்பல் சகவாசம், இரவு நேர அரட்டை என்று பட்டியல் நீளும். ஆனால் 2022ஆம் ஆண்டு ஆய்வில் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது மாணவியரிடத்தில். பூக்கட்டும் இடத்தில் ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பெண்ணை அடக்கமான பிள்ளை என்று எல்லாரும் மெச்சுகின்றனர். அவ்வமைதி அடக்கந்தானா என்று பார்ப்பதற்குத் தாய்மார்களைவிடத் தகுந்தவர் இலர்.

உறுமி மேளக் குழுக்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றின் மீது பலருக்கு மனத்தாங்கல் உண்டு. அதில் நியாயமும் சிறிது உண்டு. எனினும் பள்ளியில் வாய் திறவாத பையன், உறுமியைத் தோளில் மாட்டியவுடன் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அவனை வாசலிலிருந்து விரட்ட மாட்டார்கள். வாரம் முழுவதிலும் அவன் ஒருவனாக மதிக்கப்படும் இடம் அதுவாகவே இருக்கலாம். ஒழுங்குமுறை விதிப்பதும், பொறுப்பான அண்ணன் ஒருவரை உடன் வைப்பதும் ஆலயத்தின் கையில் உள்ளன.

இனிச் சொல்லப்படுவது கேட்பதற்குக் கடினமானது. ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்நாட்டில் தற்கொலை விகிதம் இந்தியரிடையே மற்ற இனத்தாரைக் காட்டிலும் உயர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளன. நடந்ததை மூடி மறைத்து, "வயித்துக் கோளாறு" என்று சொல்லிவிடும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. வெட்கம் ஒரு காரணம். சட்டம் மற்றொரு காரணம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, போலீசுக்கு அஞ்சிப் பிள்ளையை மருத்துவரிடமிருந்து மறைக்க வேண்டிய அவசியம் இன்று எந்தப் பெற்றோருக்கும் இல்லை. இச்செய்தி இன்னும் பலரைச் சென்றடையவில்லை; இம்மண்டபத்தில் இருப்போர் இன்றே பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

இலங்கையின் அனுபவம் இவ்விடத்தில் அறியத்தக்கது. அங்கும் தோட்டங்கள், வயல்கள், கையெட்டும் தூரத்தில் பூச்சிமருந்துகள். 1995இல் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கொடிய நஞ்சுகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2005இல் அத்தொகை 24 ஆகக் குறைந்தது. மக்களின் துயரம் பத்தாண்டில் பாதியாகிவிடவில்லை. நஞ்சு கைக்கு எட்டாமற் போயிற்று, அவ்வளவே. சாக வேண்டும் என்னும் வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் கடந்தவர் பிழைத்துக்கொள்கின்றனர். மலேசியாவிலும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டுப் பின்கட்டில் பழைய புட்டி எதுவும் மிஞ்சியிருந்தால் அதை அகற்றிவிட வேண்டும். தாத்தாவின் மருந்து மாத்திரைகளும் பூட்டில் இருக்கட்டும்.

பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வாறு நேர்வதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சாய்யா?" என்று அமைதியாகக் கேட்கும் தந்தையிடம் பிள்ளை பெரும்பாலும் உண்மையே சொல்லும். கேட்டபின் அதட்டாமலும் அறிவுரை கூறாமலும் இருப்பதுதான் கடினம். அந்த நிலைக்குப் போகாத பிள்ளைக்குச் சிறிய கேள்வியே போதும். "எத்தன மார்க்கு?" என்பதற்கு முன்னால், "இன்னைக்கு ஸ்கூல்ல யார்கூட சாப்பிட்ட?" என்று கேட்கலாம். யாரோடும் இல்லை என்ற விடை ஒரு வாரம் தொடர்ந்து வந்தால், மதிப்பெண் அட்டை சொல்லாத செய்தி கிடைத்துவிட்டது.

உதவி பெறும் வழிகள் தொலைவில் இல்லை. இடைநிலைப்பள்ளிகளில் வழிகாட்டல் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். மலாயில் பேசத் தயங்கும் பெற்றோர், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்தால், அவர் வேண்டியவிடத்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. சமூக நல உதவிக்கு 15999. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் 03-7627 2929 என்னும் எண்ணில் 24 மணி நேரமும் செவிமடுக்கின்றனர். தமிழிலேயே பேச விரும்புவோருக்கென ஸ்னேகம் அமைப்பும் இயங்கி வருகிறது.

இவ்வெண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, அர்ச்சனைக் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலும், பையன்கள் செருப்பு விடும் இடத்திலும், பெண்கள் பூக்கட்டும் கூடத்திலும் மாட்டி வைக்க ஆலய நிர்வாகம் முன்வருமாயின், அதற்கு ஆகும் செலவு ஒரு வேளை அன்னதானச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. திருவிழா முடிவதற்குள் அதைச் செய்துவிடலாம்.