உறையூருக்குள் நுழைந்த புலவன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் விசாவைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றதும் நண்பர் சிலர் புன்னகைத்தனர். இலக்கியத்துக்கும் தூதரக வாசலில் நிற்கும் வரிசைக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். தொடர்பு உண்டு. அது இதே திருச்சிராப்பள்ளியில், உறையூரில் தொடங்குகிறது.

புறநானூற்றின் 47ஆம் பாட்டைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். இளந்தத்தன் என்னும் புலவன் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குள் புகுந்தான். அப்போது உறையூரில் இருந்தவன் நெடுங்கிள்ளி. இரு சோழர்க்கும் பகை. வந்தவன் ஒற்றன் என்று ஐயுற்ற நெடுங்கிள்ளி அவனைக் கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் பாடிக் காத்தார் என்று பாட்டின் கொளு கூறுகிறது. புலவர்கள் வள்ளல்களை நாடி நெடுவழி நடப்பவர்கள். பெற்றதைச் சேர்த்து வைக்காமல் சுற்றத்தோடு பகிர்பவர்கள். கல்வியால் மாற்றாரை வெல்வதன்றிப் பிறர்க்குத் தீங்கு எண்ணாதவர்கள். இதுவே அவர் எடுத்துரைத்த வாதம்.

தொழில் கற்ற ஒருவன், அத்தொழிலை நம்பி, ஓர் எல்லையைக் கடக்கிறான். எங்கிருந்து வந்தான் என்பதைக் கொண்டே அவனை அளக்கிறார்கள். அவனுக்காக இன்னொருவர் சான்று சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய தொழில் விசாவின் உறுப்புகள் அத்தனையும் அன்றே உறையூரில் இருந்தன!

நம் ஊர் இளைஞர்கள் நன்கறிந்த எச்-1பி விசாவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதற்கு இன்றைய வடிவைத் தந்தது. ஆண்டுக்கு 65,000 என்பது பொது உச்சவரம்பு. அந்நாட்டிலேயே முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கென மேலும் 20,000 இடங்கள். விண்ணப்பம் என்று நாம் சொன்னாலும், தொழிலாளி தனக்காகத் தானே மனுச்செய்ய இயலாது. வேலை தரும் நிறுவனமே மனுதாரர். உரிய ஊதியம் தருவதாக அந்நிறுவனம் முதலில் தொழிலாளர் துறைக்கு உறுதி கூற வேண்டும். பின்னர்க் குடியேற்றத் துறையிடம் மனுவளிக்க வேண்டும். மனுக்கள் வரம்பை மிஞ்சியதால் பல ஆண்டுகள் கணிப்பொறிக் குலுக்கலே முடிவு செய்தது. அதன் பிறகே நம் பிள்ளை சென்னைத் துணைத் தூதரகத்தின் சாளரத்துக்கு முன் நிற்கிறான். 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்போர்க்கான புதிய மனு ஒன்றுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டுமென அமெரிக்க அதிபரின் ஆணை பிறந்தது. வாயிற்கதவின் கனத்தை இதிலிருந்தே உணரலாம்.

கோவூர்கிழாரின் சான்றுக்கும் நிறுவனத்தின் சான்றுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கோவூர்கிழார் காத்தபின் இளந்தத்தன் அவருக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். நிறுவனத்தின் சான்றோ தொழிலாளியின் இருப்பையே தன்னோடு பிணைக்கிறது. வேலை போனால் வேறு வேலை தேட 2017 முதல் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வழி பிறக்காவிடில் வீட்டையும் குழந்தையின் பள்ளியையும் விட்டுப் புறப்பட வேண்டும். நிரந்தரக் குடியுரிமைக்கான இடங்களில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்னும் விதியால், இந்தியர் பலர் பதின்ம ஆண்டுகளாக இந்நிலையிலேயே காத்திருக்கின்றனர்.

அடுத்து, கவிஞர்களாகிய நாம் கவலைகொள்ள வேண்டியது பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பொதுவாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைத்துத் தன் பெயரை எழுதுவது நம் மரபு. கடவுச்சீட்டின் படிவமோ குடும்பப் பெயர், இடு பெயர் என இரண்டு கட்டங்களை நீட்டுகிறது. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டவர்க்கு அமெரிக்க விசாவில் ‘எஃப்.என்.யு.’ என்ற மூன்றெழுத்துகள் அச்சாகி வருகின்றன. முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள். தாய் தேர்ந்து, பாட்டி காதில் ஓதிய பெயர் கையில் இருக்க, அறியப்படாதவராய் ஒருவர் விமானம் ஏறுகிறார். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டவரை அலுவலகம் நாள்தோறும் தந்தை பெயராலேயே அழைக்கிறது. மணமானபின் கணவன் பெயரின் முதலெழுத்துக்கு மாறிய பெண்ணுக்குப் பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொன்று. இருவரும் ஒருவரே என்று அவள் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருக்கிறது.

பெண்ணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கடற்செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பியம் வகுத்ததாகக் கொள்வர். அந்நூற்பாவுக்கு வேறு பொருள் கண்ட உரையாசிரியரும் உண்டு. எச்-1பி பெற்றவரின் மனைவி எச்-4 விசாவில் உடன் செல்லலாம். ஆனால் வேலை செய்யலாகாது. 2015இல் வந்த விதி, நிரந்தரக் குடியுரிமைக்கான படியை ஓரளவு கடந்தவர்களின் துணைவர்க்கு மட்டுமே அத்தடையைத் தளர்த்தியது. நம் கல்லூரிகளில் பொறியியல் கற்றுத் தேர்ந்த பெண்கள் எத்தனையோ பேர் அங்கே சமையற்கட்டின் சாளரத்தருகே ஆண்டுகளைக் கழித்திருக்கின்றனர். பிரிந்திருந்து வருந்தும் தலைவியைப் பாலை பாடியது. உடன்சென்று, கற்ற கல்வியைப் பிரிந்திருக்கும் தலைவியை எந்தத் திணையில் வைப்போம்?

திருவரங்கத்தின் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட வீடுகள் பல. மகளின் பேறுகாலத்துக்குப் புறப்படும் தாயிடம் திரும்பி வருவதற்கு என்ன சான்று என்று தூதரகம் கேட்கிறது. சுற்றுலா விசா கேட்பவர் எவரும் அங்கேயே தங்க எண்ணியவர் என்று கொண்டு, அவ்வாறு இல்லையென மெய்ப்பிக்கும் சுமையை அவர்மீதே வைப்பது அமெரிக்கச் சட்டம். காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த இத்தீவை விட்டு நெடுநாள் பிரிந்தறியாத மூதாட்டி, தான் ஊர் திரும்புவாள் என்பதற்குப் பத்திரம் தேடுகிறாள்.

எல்லையே கூடாதென்று நான் வாதிடவில்லை. எந்த நாடும் தன் வாயிலைக் காக்கும். தன் மக்களின் வேலையைக் காக்கும் கடமையும் அதற்கு உண்டு. நெடுங்கிள்ளிக்கும் போர்க்காலத்து அச்சம் இருந்தது. வாயிலில் நிற்பவன் யார் என்பதைப் பொறுமையாய்க் கேட்க வேண்டும் என்பதே கோவூர்கிழார் நமக்கு விட்டுச்சென்ற அறம்.

வட்டத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மொழிவல்லார் பலர் நம்மிடையே உள்ளனர். கடிதம் வரையவும் சான்றிதழ்களில் பெயரை ஒருமைப்படுத்தவும் தெரியாமல் தரகரிடம் பொருளிழக்கும் இளைஞர்க்கு, மாதம் ஒரு மாலை நாம் உதவலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று பார்க்கச் சொல்வதே ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.

இரண்டாவது வேண்டுகோள் கவிஞர்களுக்கு. கோவூர்கிழார் பாடியது நம்மிடம் இருக்கிறது. நெடுங்கிள்ளியின் முன் நின்றபோது இளந்தத்தன் என்ன சொன்னான் என்பதைக் கொளு கூறவில்லை. அவன் குரல் நமக்குக் கிட்டவில்லை. இன்று சாளரத்தின் முன் நிற்பவன் நம் பிள்ளை. நிற்பவள் நம் மகள். அவர்கள் சொல்லாமல் விழுங்கிய சொற்களை எழுதுங்கள். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் வெளியிடும் தொகுதியில் அக்கவிதைகள் இடம்பெற வேண்டும் என்பதே என் விழைவு.