உறைந்த திரையும் உயிருள்ள வரியும்



கவிதை எழுதும்போது கணினித்திரை உறைந்துவிட்டால், பதற்றத்தில் மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறோம். அவ்வாறு நிறுத்தி, திறந்திருந்த வேறொரு கோப்பிலிருந்த பதினான்கு வரிகளையும் நான் இழந்ததுண்டு.

சற்றுப் பொறுத்துப் பாருங்கள்; சில வேளை நிரல் தானே மீளும். மீளாவிடின் 'கண்ட்ரோல்', 'ஆல்ட்', 'டெலீட்' ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினிக்கென டேவிட் பிராட்லி வகுத்த இக்கூட்டு, அன்று கணினி முழுவதையும் மறுபடி தொடங்கச் செய்தது. இன்றைய விண்டோசிலோ ஒரு பட்டியலைத் தருகிறது. அதில் 'டாஸ்க் மேனேஜர்' சென்று, உறைந்த நிரலை மட்டும் 'எண்ட் டாஸ்க்' என முடிக்கலாம், ஏனையவை பிழைக்கும்.

ஆயினும், முடிக்கப்பட்ட நிரலில் சேமியாத வரி பெரும்பாலும் திரும்பாது. ஆதலின் ஒவ்வொரு கண்ணி முடிவிலும் 'கண்ட்ரோல்', 'எஸ்' விசைகளை அழுத்திச் சேமிப்பதே கவிஞர்க்குக் காப்பு.