எந்தக் கதவு கடினம், எந்தக் கதவு நம் வாசலில்?
(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

"ஹார்வர்டில் சேர்வதைவிட ஐ.ஐ.டி.யில் சேர்வது கடினம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அதைப் படித்துவிட்டுச் சில பெற்றோர் நம்மிடம் வருகிறார்கள். நகையை அடகு வைத்தாவது கோச்சிங் சேர்க்கட்டுமா என்று கேட்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 2024இல் ஹார்வர்டுக்கு 54 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள்; இடம் தரப்பட்டது 2 ஆயிரத்துக்கும் குறைவானவர்களுக்கு. நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. அதே ஆண்டு ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் சுமார் 14 லட்சம், 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து 17,740 இடங்கள். நூற்றுக்கு ஒன்றேகால். ஆக்ஸ்போர்டிலோ ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இடம் கிடைக்கிறது. அப்படியானால் ஆக்ஸ்போர்டு எளிதா?

பௌர்ணமி இரவு நம் ஊர் பஸ் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் ஓடும் அதே பஸ், அதே சீட்டுதான். நிற்கும் கூட்டம்தான் வேறு. இங்கிலாந்தில் ஒரு மாணவர் ஐந்து இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஒரே ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது. அதனால் தேறாதவர் முன்பே ஒதுங்கிவிடுகிறார். அமெரிக்காவில் எத்தனை கல்லூரிக்கும் போடலாம், கூட்டம் பெருகுகிறது. அங்கே மதிப்பெண்ணோடு கட்டுரை, சிபாரிசுக் கடிதம் எல்லாம் பார்ப்பார்கள். நம் ஜே.இ.இ. மெயின் எழுதும் பிள்ளைகளிலும் பலருக்கு இலக்கு என்.ஐ.டி.தான். ஆகவே இந்தச் சதவீதங்களை அருகருகே வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கதவைச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணைக் கொண்டு 200க்கு கட்-ஆஃப். 1794இல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் இதே வழிதான். அதே 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் வந்தது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் உண்டு. மருத்துவத்தில் 2020இலிருந்து, பொறியியல் போன்ற படிப்புகளில் 2021இலிருந்து. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மருத்துவத்துக்கு நீட் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே.

இங்கேதான் நமக்கு வேதனை. எட்டாவது வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பெண் பிள்ளையை, ஒன்பதாவதில் "நல்ல ஸ்கூல்" என்று கடன் வாங்கித் தனியாரில் சேர்க்கிறார்கள். அந்த ஒரு டி.சி.யோடு இந்த உரிமை போய்விடுகிறது. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. நம் சமுதாயம் நடத்தும் உதவி பெறும் பள்ளியானாலும் அப்படித்தான். மாற்றுவது தப்பு என்று சொல்லவில்லை, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

ஐ.ஐ.டி.க்குத் தயாராகும் பிள்ளையையும் நாம் தடுக்கவில்லை. ஆனால் அது மத்திய அரசு நிறுவனம், 3.5 சதவீதம் அங்கே செல்லாது. மத்திய ஓ.பி.சி. பட்டியல் வேறு, உங்கள் பிரிவின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றிதழ், அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும்.

முஹம்மது என்ற பெயர் ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், டி.சி.யில் ஒரு ஸ்பெல்லிங், சாதிச் சான்றிதழில் மூன்றாவது! கவுன்சிலிங் வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடுவதைவிட இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அந்த மூன்று காகிதங்களோடும், ஜும்ஆ தவிர எந்த நாளும், அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம்.