வழிகாட்டி எழுதும் தொண்டு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியது. ரயில்வே குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை, பொறியாளர் அல்லவா பேச வேண்டும் என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். பொறியாளர் செய்யாது விட்ட ஒரு பணி நம்மைப் போன்றோருக்காகவே காத்துக் கிடக்கிறது என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் ‘குனு’ என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைப் படித்து மாற்றலாம், பிறர்க்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளே இவ்வியக்கத்தின் அடிப்படை. 2004-ல் வெளிவந்த பயர்பாக்ஸ் உலாவியும், கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரெஆபீஸ் என 2010-ல் பெயர் பெற்ற தொகுப்பும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மென்பொருள் கைக்கு வந்துவிட்டால் போதுமா? அதைக் கையாளும் முறை தெரிய வேண்டாமா? மென்பொருளைப் போலவே அதன் கையேடும் கட்டற்றதாக இருத்தல் வேண்டும் என்று ஸ்டால்மனே வலியுறுத்தினார். மென்பொருளை ஒருவர் மாற்றும்போது கையேட்டையும் மாற்றியாக வேண்டும். அவ்வுரிமை இல்லையேல் கையேடு பொய் சொல்லத் தொடங்கிவிடும். இதற்கெனவே 2000-ஆம் ஆண்டில் கையேடுகளுக்குத் தனியாக ஓர் உரிமம் வகுக்கப்பட்டது.

ரயில்வே ஊழியருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. விதிநூல் அச்சான பின்னர் விதி மாறினால் திருத்தச் சீட்டு வரும். அதை உரிய பக்கத்தில் ஒட்டி வைப்பது குமாஸ்தாவின் கடமை. சீட்டு ஒட்டாத விதிநூல், நூல் இல்லாமையைவிடத் தீமையானது. லிப்ரெஆபீஸ் ஆண்டுக்கு இருமுறை புதுப்பதிப்பு காண்கிறது. பயர்பாக்ஸ் அதனினும் விரைவு. பயர்பாக்சில், விண்டோஸ் கணினிகளில் ‘ஆப்ஷன்ஸ்’ என்றிருந்த பெயர் பின்னாளில் ‘செட்டிங்ஸ்’ ஆயிற்று. பழைய உதவிக் கட்டுரையை வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இல்லாத ‘ஆப்ஷன்சை’ அரைமணி நேரம் தேடினால் என்ன ஆகும்? “நமக்கு வயதாகிவிட்டது, இதெல்லாம் நமக்கு ஏறாது” என்று மூடிவைத்து விடுவார். குறை அவருடைய அறிவில் இல்லை. சீட்டு ஒட்டாத கட்டுரையில் இருக்கிறது.

அந்தச் சீட்டை ஒட்டுவோர் யார்? உலகெங்கும் உள்ள தொண்டர்களே. பயர்பாக்சின் உதவிக் கட்டுரைகளைத் தொண்டர் எவரும் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். தேர்ந்தோர் சரிபார்த்த பின்னர் அது வெளியாகும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மென்பொருளை ஆக்கியவர் எல்லாம் அறிந்தவர். ஆதலால் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டி எழுதிவிடுவார். கல் எங்கே கிடக்கிறது என்று இடறி விழுந்தவர்க்கே தெரியும்.

நல்ல உதவிக் கட்டுரைக்கு இலக்கணம் கடினமன்று. தலைப்பு, படிப்பவர் கேட்கும் கேள்வியாகவே இருக்கட்டும். ஓர் எண்ணுக்கு ஒரு செயல் மட்டும் சொல்லுக. திரையில் எந்தப் பெயர் தோன்றுகிறதோ அதே பெயரை எழுதுக. அழகுக்காக வேறு சொல் தேடற்க. எந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்று குறிப்பிடுக. முடிவாக, அம்மென்பொருளைத் தொட்டறியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுக. அவர் எங்கே நின்று விழிக்கிறாரோ, அங்கேதான் திருத்தம் தேவை. இக்காலத்தில் இயந்திரமே மொழிபெயர்த்துத் தருகிறதே என்பர் சிலர். தரட்டும். ஆனால் அம்மொழிபெயர்ப்பின்படி செய்து பார்த்து, இது சரி, இது தவறு என்று பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும்.

தமிழில் இப்பணி புதிதன்று. 1999-ல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழுக்கென ஒரு விசைப்பலகை முறை நிலைபெற்றது. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை எளிய தமிழில் வெளியிட்டது. து. நித்யா அம்மையார் ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் எழுதிய கணினி நூல்களை எவரும் விலையின்றிப் பெற்றுப் பிறர்க்கும் வழங்கலாம். நாம் வாழும் இந்த ஹைதராபாத்திலேயே ‘ஸ்வேச்சா’ என்னும் அமைப்பினர் கணினியைத் தெலுங்கு பேசவைக்கும் தொண்டினைச் செய்து வந்துள்ளனர். அண்டை வீட்டார் தம் மொழிக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நாம் கைகட்டி இருக்கலாமா?

அன்பர்களே! நம் காலனிக் குழந்தைகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் திகைப்போர் பலர். அடுப்பங்கரைக்கும் பண்டிகைக்கும் மட்டுமே உரியதாகிவிட்ட மொழியை, அடுத்த தலைமுறை எத்தனை நாள் கற்கும்? ஒரு வேலையைச் செய்யத் தமிழைப் படித்தாக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் எழுத்து நிலைக்கும். மறுபுறம், ஒரு கடிதம் தட்டச்சிடவும் பேரனை எதிர்பார்த்திருக்கும் பெரியோர் நம்மிடையே உள்ளனர். இவ்விரு குறைகளும் ஒரே மேசையில் தீரக்கூடியவை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், ஒரே ஓர் உதவிக் கட்டுரை. லிப்ரெஆபீசில் கடிதம் எழுதுவது எப்படி என்பதிலிருந்து தொடங்குவோம். பிள்ளைகள் தட்டச்சு செய்யட்டும்; பெரியோர் தமிழைத் திருத்தட்டும்; தாய்மார்கள் அதன்படி செய்து பார்த்து, எங்கே புரியவில்லை என்று தயங்காமல் சொல்லட்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கட்டுரைகள் இருக்கும். நம் பெயர் அவற்றில் தெரியாமற் போகலாம். ஆயினும் யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ முகமறியாத ஒரு தமிழர் அவற்றைப் படித்துத் தம் வேலையைத் தாமே முடித்துக்கொள்வார். அதுவே இத்தொண்டுக்குக் கூலி.

இசைவுடையோர் கூட்ட முடிவில் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டி அமைகின்றோம்.