நின்றுபோன ரயில் பெட்டிகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்று சங்கத்தார் கேட்டார்கள். என் பொழுதுபோக்கு பொம்மை ரயில். இந்த வயதில் பொம்மையா என்று முன்வரிசையில் சிரிப்பது தெரிகிறது! பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள். கடையில் இன்று கிடைக்கும் ரயிலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட பெட்டிகள், ஸ்டேஷன்கள், கைகாட்டிகள், இவற்றைத் தேடிச் சேர்ப்பது தனிக் கலை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். நம் அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்து. ஒரு ரூபாய்க்கு 320 காசு. 1889 முதல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இயந்திரத்தில் அடித்து வந்தது. நவராத்திரிக்கு அரிசியோடு தானமாகக் கொடுத்த காசு அது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, காசின் காலமும் முடிந்தது. செலாவணியில் இருந்தவரை யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற பிறகுதான் தேடினார்கள். ரயில் பெட்டிக்கும் இதே கதைதான்.

இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி கொடுத்து ஓடும் தகர ரயில்களை விற்க ஆரம்பித்தார். வியாபார மூளைக்காரர். சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் கேட்பரி சாக்லேட், ஜேக்கப் பிஸ்கட், கோல்மன் கடுகு என்று விளம்பரம் எழுதி விட்டார். விலை போகாதவை சீக்கிரமே நின்றுவிட்டன. கோல்மன் கடுகுப் பெட்டி 1920-களில் கொஞ்ச காலம்தான் வந்தது. இன்று சேகரிப்பவர்கள் அந்த மஞ்சள் பெட்டிக்குத் தவம் கிடக்கிறார்கள்.

அமெரிக்காவில் லயனல் கம்பெனி 1947-ல் ஒரு பால் வண்டி கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் கதவு திறந்து ஓர் ஆள் வந்து, பால் கேனை மேடையில் வைத்துவிட்டு உள்ளே போவான். அது சக்கைப்போடு போட்டது. அதே கம்பெனி 1957-ல் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு ரயில் விட்டது. இளஞ்சிவப்பு எஞ்சின், இளநீலம், மஞ்சள், வெளிர் ஊதா நிறங்களில் பெட்டிகள். படுதோல்வி! பெண் பிள்ளைகள் கேட்டது நிஜ ரயில் போல ஒன்றை. விற்காத எஞ்சினுக்குக் கறுப்புச் சாயம் அடித்துத் தள்ளிவிட்ட கடைக்காரர்கள் உண்டு என்பார்கள். யாரும் வாங்காததாலேயே அது அரிதாயிற்று. அரிதானதாலேயே விலை ஏறியது. விலை ஏறியதும் கம்பெனியே பின்னாளில் அதைத் திரும்ப வெளியிட்டது. போலியும் வந்தது. இன்று பழையது எது, மறுபதிப்பு எது, சாயம் பூசியது எது என்று கண்டுபிடிக்க அட்டைப்பெட்டியும் நம்பரும் வேண்டும். அதனால்தான் சேகரிப்பவர்கள் காலி அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை.

நம் ஊரில் இந்தப் பொருள்கள் எங்கே இருக்கும் தெரியுமா? கொலுப் பெட்டியில்! படிக்குக் கீழே பார்க் கட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டில் குளம் வைத்து, அதைச் சுற்றி ரயில் விடுவோமே, அந்த ரயில்தான். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தது, அமெரிக்கா போன அண்ணன் அனுப்பியது, திருவிழாக் கடையில் வாங்கிய தகர ரயில் என்று எத்தனையோ வீட்டுப் பரணில் தூங்குகின்றன. வருகிற நவராத்திரிக்கு இறக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள்.

அமெரிக்க டிரான்ஸ்பார்மர் 110-120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். பேட்டரி ரயிலில் பேட்டரியை வைத்தே கட்டிவிடாதீர்கள், கசிந்து அரித்துவிடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றுக்குத் தகரத்தை மூடி வையுங்கள். இன்னொன்று. பழைய துத்தநாக வார்ப்புச் சக்கரம் பார்வைக்கு நன்றாக இருந்தும் மயிர்க்கோடு போல விரிசல் விட்டிருந்தால், கலவையில் ஈயம் கலந்திருக்கும். உள்ளிருந்தே உப்பி உதிர்ந்துபோகும். அதற்கு மருந்து கிடையாது. இருக்கும்போதே அளந்து, படம் எடுத்து வையுங்கள்.

இந்த 'அளந்து வையுங்கள்' என்ற வார்த்தைக்காகத்தான் நான் இங்கே வந்தேன்.

உலகத்தில் பெரும்பாலான மாதிரி ரயில் ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் வருவது அது. நம் அகலப்பாதை 1676. வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். மீட்டர் கேஜ் என்றால் பதினொன்றரை. அதாவது வெளிநாட்டுத் தண்டவாளத்தில் நம் ரயில் சரியாக உட்காராது. நம் ரயிலை நாம்தான் செய்தாக வேண்டும்.

செய்தவர்கள் இருக்கிறார்கள். புனேயில் பாவ் ஜோஷி என்பவர் ஒரு குட்டி ரயில் நகரத்தையே அமைத்தார். 1998-ல் திறந்த மியூசியம் அது. சென்னையில் ஐ.சி.எப். பக்கத்தில் 2002-ல் வந்த ரயில் மியூசியம் இருக்கிறது. திருச்சியில் 2014-ல் ஒன்று வந்தது. மாணவர்கள் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம், போய்ப் பாருங்கள்.

ஆனால் நம் மாவட்டத்து ரயில் எங்கே? 1929-ல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது, மீட்டர் கேஜில். முன்வரிசையில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் அந்த ரயிலில் வந்து படித்தவர்கள்தானே! 'ஒய்.பி.' என்று ஒரு நீராவி எஞ்சின், நாட்டில் 871 ஓடின. இன்று புதுக்கோட்டையில் நிற்பது அகலப்பாதை ரயில். அறந்தாங்கி வழியாக ஓடிய மீட்டர் கேஜ் 2012-ல் நின்றது, பாதையை மாற்றிய பிறகே ரயில் திரும்பி வந்தது. நாம் எல்லோரும் பார்த்த ஐ.சி.எப். பெட்டியைக்கூட 2018 ஜனவரியோடு பெரம்பூரில் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இருப்பவை ஓடி ஓய்ந்தால் அதுவும் அம்மன் காசுதான்.

அமெரிக்காக்காரன் விற்காத இளஞ்சிவப்பு ரயிலுக்குக்கூட நம்பர் நம்பராகப் பட்டியல் வைத்திருக்கிறான். நாம் படிக்கப் போன பெட்டியின் ஜன்னல் கம்பி எத்தனை, உள்ளே என்ன நிறம் அடித்திருந்தது, கீரனூரில் பிளாட்பாரம் எந்தப் பக்கம், யாரிடம் கேட்பது? பார்த்தவர்களுக்கெல்லாம் வயதாகிறது.

அதனால் இரண்டு வேண்டுகோள். நண்பர்களே, உங்கள் வீட்டில் பழைய ரயில் பொம்மை, அட்டை டிக்கெட், சீசன் பாஸ், ஸ்டேஷனில் எடுத்த போட்டோ எது இருந்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள்: யார் வாங்கியது, எந்த வருஷம், எங்கே. சீட்டு இருந்தால் உங்கள் பேரன் அதை வைத்துக்கொள்வான். சீட்டு இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகும்.

தம்பி தங்கைகளே, நீங்கள் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெரியவர்கள் சொல்வதை எழுதுங்கள். மிச்சமிருக்கும் பழைய ஸ்டேஷன் கட்டடங்களை, அனுமதி வாங்கி, அளந்து வரையுங்கள். 87-ஆல் வகுங்கள். அட்டையும் கோந்தும் போதும். அடுத்த சந்திப்பில் ஒரே ஒரு மேஜை, அதில் ஒரே ஒரு மீட்டர் கேஜ் ஸ்டேஷன், அதில் ஒரு பெட்டி நின்றால் போதும். தண்டவாளச் செலவு என்னுடையது.