பெருமழைக்கு முன் ஒரு காய்கறித் தோட்டம்

குளிர்நாடுகளில் தோட்டம் போடுவோர் ஆகஸ்டு மாதம் வந்ததும் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுவார்கள். உறைபனி எப்போது விழும் என்று கணித்து, அதற்குமுன் காய் கைக்கு வரும்படி விதைப்பார்கள். நமக்கோ உறைபனி கிடையாது. பகற்பொழுதும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரந்தான். ஆகவே, எப்போது விதைத்தால் என்ன என்று இருந்துவிடுகிறோம். ஆனால், நாமும் எண்ண வேண்டிய நாள் ஒன்று உண்டு. அது பெருமழை தொடங்கும் நாள்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பெரும்பாலான இடங்களில் ஜூன், ஜூலையில் குறையும் மழை, அக்டோபர், நவம்பரில் உச்சத்தை எட்டுகிறது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழை. சிங்கப்பூரில் டிசம்பரை ஒட்டி மிகுதி. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் முன்னோர் சொன்னது தமிழகத்து நிலத்துக்கு. அங்கே மழையை எதிர்பார்த்து விதைத்தார்கள். இங்கே மழைக்குத் தப்ப விதைக்கிறோம்.

சரி, எண்ணிப் பார்ப்போம். ஆகஸ்டு நடுவில் விதைத்தால் கங்கோங், முளைக்கீரை, சாவி ஆகியவை 25 அல்லது 30 நாட்களில் சட்டிக்கு வந்துவிடும். வெள்ளரிக்கு ஏறக்குறைய 40 நாட்கள். வெண்டையும் பயற்றங்காயும் 45, 50 நாட்களில் முதற்பறிப்புக் கொடுக்கும். அதாவது, புரட்டாசி விரதத்தில் வீட்டுக் காய்கறிச் செலவு ஏறும் சமயத்தில் பின்கட்டிலேயே காய் இருக்கும். மிளகாய், கத்தரி அப்படியல்ல. நாற்றங்காலில் ஒரு மாதம், நட்டபின் இரண்டு மாதத்திற்கு மேல். இப்போது தொடங்கினால் பூக்கும் நேரத்தில் மழை வந்து பூவைக் கொட்டிவிடும். அவற்றைத் தொட்டியில் வைத்துக் கூரை ஓரத்தில் வளர்ப்பதே நல்லது.

1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டைச் சுற்றியுள்ள வெற்று நிலத்தில் காய்கறி பயிரிடும்படி மக்களை ஊக்குவித்தார்கள். அதற்குப் பெரிய நிலம் தேவையில்லை. ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு பாத்தி போதும். இருபுறமும் நின்று கை எட்டும். உயரம் மட்டும் ஓரடிக்குக் குறையக்கூடாது. வேருக்கும் காற்று வேண்டுமல்லவா? தண்ணீர் தேங்கினால் காற்றின்றி வேர் அழுகும். நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே சுண்ணாம்புத் தூளைக் கலந்துவிடுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். எருவின் சத்து ஆவியாகிக் காற்றோடு போய்விடும். மூக்கே அதைச் சொல்லும்.

இனி, பலருடைய உழைப்பை வீணாக்கும் ஒரு நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். காலையில் நன்றாக நின்ற கத்தரிச்செடி, இலை பச்சையாக இருக்கும்போதே உச்சியில் துவண்டு தொங்கும். தண்ணீர் போதவில்லையென்று எண்ணி, வாளி வாளியாக ஊற்றுவார்கள். அது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். தண்டின் அடிப்பகுதியைத் துண்டாக வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெண்ணிழை இறங்கினால், நோய் அதுதான். மருந்து தேடிக் காசைச் செலவழிக்க வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மழைநீர் அந்தப் பாத்தியிலிருந்து மற்றதற்கு ஓடினால் நோயும் கூடவே ஓடும் என்பதால், மழைக்கு முன்பே வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். அந்த இடத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் சில பருவங்களுக்குத் தவிர்த்து, வெண்டையோ பயற்றங்காயோ கங்கோங்கோ போடலாம்.

வெண்டையை ஒன்று விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றினால் நாராகிவிடும், செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். நோயில்லாத நல்ல செடியில் மட்டும் முதற்காய்கள் இரண்டை விதைக்கென்று விட்டுவைக்கலாம். அவை காய்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும். அடைமழையில் நனைந்தால் காய்க்குள்ளேயே விதை பூஞ்சை பிடித்துப் போகும்.