தொகுத்தலும் விரித்தலும்: கணினி வலையத்தில் வழித்தொகுப்பு
(திங்கட்கூட்ட உரை)



சென்ற கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, தொகையும் புணர்ச்சியும் தமிழில் விளக்குகின்றீர்கள்; நாள்தோறும் நான் செய்யும் பணியைத் தமிழில் விளக்க இயலுமா?" என்று வினவினார். அவர் வலையப் பொறியாளர். "அப்பணியில் அரியது எதுவோ அதனைக் கூறுக" என்றேன். வழித்தொகுப்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்றைக் கூறினார். ஒரு திங்கள் அவரையே ஆசிரியராகக் கொண்டு கற்றேன். கற்றதை ஈண்டு உரைக்கின்றேன்.

இணையத்திற் செல்லும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பொதியின்மேலும் அது சேர வேண்டிய எண்முகவரி இருக்கும். வழி பிரியுமிடந்தோறும் நின்று, அவ்வெண்ணை நோக்கி, 'இப்பக்கம் செல்க' என ஏவும் கருவியை ஆங்கிலத்தார் இரவுட்டர் என்பர். நம்மவர் திசைவி என்பர். (திசை வடசொல்லன்றோ எனத் தயங்குவார்க்கு ஒரு சொல்: திகை என்பதன் திரிபே திசை என்று கொள்ளும் சொல்லாய்வாளர் வழிநின்றே யானும் அதனை ஆள்கின்றேன்.) எவ்வெண்ணுக்கு எவ்வழி என்னும் நிரல் ஒன்று திசைவியின் நினைவகத்தில் உண்டு. பழைய முறையில் அமைந்த எண்முகவரிகள் மட்டுமே 429 கோடிக்கு மேற்பட்டன. முகவரிக்கு ஒரு வரியென எழுதின் எந்நினைவகம் தாங்கும்? ஆகவே தொகுத்தல் வேண்டியதாயிற்று.

தொகுத்தல் நமக்குப் புதிதன்று. வழிநூல் வகை கூறுமிடத்துத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பனவற்றைத் தொல்காப்பியம் மரபியலில் வைத்துள்ளது. அஞ்சல் எண்ணிலும் இம்முறை உண்டு. 1972-இல் வந்த அந்த ஆறிலக்க எண்ணில் முதலிலக்கம் 6 எனக் கண்ட அளவில், தில்லியில் மடல் பிரிப்பவர் அதனைத் தென்னாட்டுப் பையில் இடுவார். தெருவும் ஊரும் அவர் அறிய வேண்டா. தமிழகம், கேரளம், புதுவை முதலியன அவ்வோர் எண்ணுள் அடங்கும். ஊர் பிரிக்கும் பணி ஊருக்கு அண்மையில் உள்ளவர்க்கே உரியது.

வலையத்தில் இதனை எங்ஙனம் செய்வர்? 172.16.4.0, 172.16.5.0, 172.16.6.0, 172.16.7.0 என நான்கு சிறுவலையங்கள் உள்ளன என்க. ஒவ்வொன்றும் 256 முகவரி கொண்டது. மூன்றாம் எண்களாகிய 4, 5, 6, 7 ஆகியவற்றை இரும எண்ணில் எழுதினால் 00000100, 00000101, 00000110, 00000111 என வரும். முதல் ஆறு இலக்கமும் நான்கிற்கும் ஒன்றே. இறுதி இரண்டே வேறு. ஆகவே முதல் எண்ணின் எட்டு, இரண்டாம் எண்ணின் எட்டு, மூன்றாவதன் ஆறு என 22 இலக்கங்கள் பொது. நான்கு வரிக்கு மாற்றாக 172.16.4.0/22 என ஒரு வரி போதும்.

நிரல் சுருங்குவது ஒரு பயன். அதனினும் பெரிது மற்றொன்று. உள்ளிருக்கும் இணைப்பொன்று அறுந்தும் பொருந்தியும் அலைக்கழிந்தால், தொகுக்காத வலையத்தில் அச்செய்தி திசைவிதோறும் பரவி, ஒவ்வொன்றும் தன் நிரலைத் திருத்திக்கொண்டே இருக்கும். தொகுத்தவிடத்து அவ்வலைப்பு வாயிலைக் கடவாது. வீட்டுச் சண்டை தெருவிற்கு வாராமை போன்றது அது.

இனி எல்லைக்கு வருவோம். 4, 5, 6, 7 இசைந்தன. அவ்வாறே 3, 4, 5, 6 என்னும் நான்கும் இசையுமோ? இசையா. அவற்றின் இரும எண்களில் முதல் ஐந்திலக்கமே பொது. ஒரே வரியில் தொகுத்தால் அத்தொகை 0 முதல் 7 வரை எட்டினையும் வளைத்துக்கொள்ளும். நான்கு வீட்டுக்கு உரியவன் எட்டு வீடும் தனதென முரசறைவது போலாம்! நேர்மையாகச் செய்வதாயின் 3 தனியே, 4-உம் 5-உம் ஒன்றாக, 6 தனியே என மூன்று வரி வேண்டும். ஆகலின் தொகுப்பின் பயன் முகவரியைப் பகிர்ந்தளிக்கும் நாளிலேயே முடிவாகிறது. எண்களைச் சிதறக் கொடுத்துவிட்டுப் பின்னர்த் தொகுக்க முயல்வது பயனற்ற உழைப்பு. 1993-இல் பழைய வகுப்புமுறையை நீக்கி, அடுத்தடுத்த எண்களைத் திரளாக வழங்கும் முறையை இணையத்தார் வகுத்தமை இதன்பொருட்டே. ஆயினும் இன்று உலக நிரல் ஒன்பது நூறாயிரம் வரிகளைக் கடந்து நிற்கின்றது. இணைப்பு வழங்குநரை மாற்றியும் பழைய எண்ணைக் கைவிடாதவர், இரு வழங்குநரிடம் இணைப்புப் பெற்றவர் முதலியோர் தம் எண்ணைத் தனியே அறிவிக்கின்றனர். அது அவர்தம் உரிமை. தொகைப்பெயரின்கீழ்த் தனிப்பெயர் மறைவதன் துயர் அறிந்த நாம் அவரைக் குறைகூறல் ஆகாது.

தொகைவரி ஒன்று, அதனுள் அடங்கும் தனிவரி ஒன்று, இரண்டும் நிரலில் இருப்பின் திசைவி எதனைக் கொள்ளும்? இலக்கண மாணவர் உடனே விடை கூறுவர். பொது நூற்பா கூறியதைச் சிறப்பு நூற்பா விலக்கும். இங்கும் அதுவே நெறி. அந்நெறியால் விளைந்த தீங்கொன்றும் உண்டு. 2008 பிப்பிரவரி 24-ஆம் நாள், பாக்கித்தான் அரசின் ஆணைப்படி அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம் யூடியூபைத் தன் நாட்டெல்லைக்குள் தடுக்க முனைந்தது. யூடியூபு 208.65.152.0/22 என 1,024 முகவரிகளைத் தொகுத்து அறிவித்திருந்தது. பாக்கித்தான் நிறுவனம் அதனுள் அடங்கிய 208.65.153.0/24 என்னும் 256 முகவரிகளுக்கு வழி தன்னிடம் உள்ளதென எழுதியது. அவ்வரி எல்லை கடந்து உலகிற் பரவிற்று. சிறப்பு பொதுவை விலக்க, பல நாட்டுத் திசைவிகளும் யூடியூபு நாடிய பொதிகளைப் பாக்கித்தானுக்கு அனுப்பின. யூடியூபும் 256, 128 எனத் தன் தொகையை விரித்து அறிவித்துப் போராடியது. இரண்டு மணி நேரத்திற்கு மேற்சென்ற பின்னரே அப்பொய்வரி நீங்கிற்று.

அஃதாயின் எல்லாவற்றையும் விரித்தே வைப்போம் எனல் வேண்டா. 2014 ஆகத்து 12-ஆம் நாள் அமெரிக்க நிறுவனமொன்று தவறுதலாக ஏறத்தாழ 15,000 தனிவரிகளை விரித்து வெளியிட்டது. 5,12,000 அளவே வரிகளுக்கு இடம் ஒதுக்கியிருந்த பழைய திசைவிகள் பல அப்பெருக்கைத் தாங்காது தடுமாறின.

இறுதியாக, என் மாணவர் பெரிதும் அஞ்சும் இடர் ஒன்று. முன்கூறிய நான்கினுள் 172.16.6.0 முற்றும் அறுந்துவிட்டது என்க. வெளியுலகு அதனை அறியாது. தொகைவரி இன்னும் நிற்கின்றதன்றோ? பொதிகள் வாயிலுக்கு வந்துகொண்டே இருக்கும். வாயிலிலுள்ள திசைவியின் நிரலிலோ 6-க்கு வரியில்லை. 'வழி தெரியாதவற்றை வெளியே அனுப்புக' என்னும் பொதுவரி மட்டும் உண்டு. எனவே அது பொதியை வெளியே தள்ளும். வெளித்திசைவி தொகைவரி கண்டு உள்ளே தள்ளும். பொதியின் மேலுள்ள வாழ்நாள் எண் ஒவ்வொரு தாவலிலும் ஒன்றாகக் குறைந்து சுழியாகும் வரை இப்பந்தாட்டம் நிகழும். மாற்று எளிது. அத்தொகைவரியையே வாயில் திசைவியிலும் எழுதி, அதன் வழி 'எறிந்துவிடுக' என அமைத்தல் வேண்டும். உயிருள்ள தனிவரி இருப்பின் அதுவே கொள்ளப்படும், இல்லையேல் பொதி அங்கேயே வீழும், சுழலாது. பொதி இழக்கப்படுவது உண்மையே, ஆனால் இணைப்பு அடைபடாது. தொகையை அறிவிக்கும் அன்றே இவ்வரியையும் எழுதாது இருக்கையை விட்டு எழுவதில்லை என்றார் அவ்விளைஞர். அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். எஞ்சிய வினாக்களுக்கு அவரே தமிழில் விடை தருவார்.